கழிக்க வேண்டிய முப்பத்தெட்டு

பெசான்சோனில் பிப்ரவரி.
ஆய்வகத்தின் அடித்தளத்தில்
கதவிடுக்குகளுக்குக் கறுப்பு நாடா ஒட்டுகிறோம்,
வெளிச்சத்தைத் திருட வந்தவர்கள் மாதிரி.

காஸ்பார் வுயமோவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.
இருந்தாலும் காதுமூடி மாட்டித்தான் ஆக வேண்டும்;
பாதுகாப்பு அதிகாரியிடம்
அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது.

விளக்கை அணைத்ததும் எங்கள் மொழி போய்விடும்.
அவர் விரல்களை நான் பார்க்க முடியாது,
என் உதடுகளை அவர்.
ஆகவே உள்ளங்கையில் எழுத்து.
ஒரு தட்டு, ஆம். இரண்டு, இல்லை.
நீளமாக ஒரு கோடு இழுத்தால்
பொறு, கண் இன்னும் பழகவில்லை.

ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு அந்தப் பொறுமை வேண்டாம்.
ஒன்றுமே இல்லாத இருட்டிலும்
நொடிக்கு முப்பத்தெட்டு எண்ணும்.
அது அதன் சொந்த உடம்புச் சூடு.
கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவோம்.

பிறகு ஒலி.
டைட்டானியக் கம்பு நீரில் மூக்கை நனைத்து
நொடிக்கு இருபதாயிரம் முறை நடுங்கும்.
நீர் கிழியும்.
கிழிந்த இடத்தில் குமிழ்,
உள்ளே ஆர்கானும் கொஞ்சம் ஆவியும்.
பெருக்கும், பெருக்கும்,
இடம் கொடுத்த நீரே சட்டென்று மனம் மாறி
நாலாபக்கமும் நெருக்கும்.
கடைசி நொடியில்
(நொடி என்பது அதற்கு மிகப் பெரிய சொல்)
உள்ளே ஆயிரக்கணக்கான டிகிரி, ஒரு மினுக்கு.
வெளியே வெப்பமானி பதினேழு காட்டும்,
எதுவுமே நடக்காதது போல.

அந்தச் சூட்டில் நீர் உடைந்து
ஒற்றை எலக்ட்ரானோடு ஒரு துண்டு தெறிக்கிறது.
ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்று
பெயர் சொல்லி முடிப்பதற்குள் அது இல்லை.
அருகில் யார் இருந்தாலும் கடித்துவிட்டுப் போய்விடும்.
கடித்ததை நாங்கள் பார்த்ததில்லை.
கடிபட்டதைப் பார்க்கிறோம்:
டெரெப்தாலேட் கரைத்து வைத்தால்
கடிபட்ட மூலக்கூறு மட்டும்
புறஊதா விளக்கில் நீலமாக மாட்டிக்கொள்ளும்,
பொடி தடவிய லஞ்ச நோட்டைத் தொட்ட விரல்
கழுவும்போது சிவப்பதைப் போல.

அன்றிரவு ஒலியை முடுக்கியதும்
முப்பத்தெட்டு நாற்பத்தொன்றானது.
அவ்வளவுதான்.
முந்தின நாள் ஒன்பதாயிரம்.

ஆர்கான் உருளையைத் தடவிப் பார்த்தேன், நிறைய இருந்தது.
மின்னழுத்தம் சரி.
கம்பின் நுனி தேய்ந்திருக்குமோ?
இரண்டு தட்டு.
கம்பு கத்திக்கொண்டேயிருந்தது,
காதுமூடிக்குள் நானும் அவரும்
ஒரே ஊர்க்காரர்கள்.

என் கையை இழுத்து எழுத ஆரம்பித்தார்.
முதல் இரண்டு எழுத்திலேயே எனக்கு வியர்த்தது.
எத்தனால்.
மதியம் குடுவையை எத்தனாலில் அலசியது நான்தான்.
வங்கியிலிருந்து அழைப்பு வந்தது,
உலர விடாமல் மூடிவிட்டேன்.

சிறிது ஈரம் போதும்.
குமிழுக்குள் முதல் ஆளாக நுழைந்து
சூட்டைத் தின்றுவிடும்;
தெறித்து வரும் ரேடிக்கலுக்கும்
தானே கையை நீட்டிவிடும்.
ஒளியும் போச்சு, நீலமும் போச்சு.
இருட்டில் இதை அவர் கண்டுபிடித்தது
மூக்கால்.

ஒரு தட்டு தட்டினேன். ஆம், நான்தான்.

மேசை லேசாக அதிர்ந்தது.
கம்பின் அதிர்வு அல்ல அது,
நொடிக்கு நாலோ ஐந்தோ.
சிரிக்கிறார்.

திரும்பக் கழுவினோம், நீரால் மட்டும், ஆறு முறை.
ஆர்கான் நாற்பது நிமிடம்.
கடைசி டிராம் போய்விட்டது.
ஒன்றரை மணிக்கு ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு.

குழாயை மூடிவிட்டு
கொஞ்சம் லூமினால் ஊற்றினேன்,
கணக்குக்காக அல்ல, எங்களுக்காக.
கம்பின் நுனியில் நீலத் தாடி முளைத்தது.
அந்த வெளிச்சத்தில் அவர் விரல்கள் தெரிகிறதா என்று பார்த்தேன்.
தெரியவில்லை.
அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம்.

குறிப்பேட்டில் நாற்பத்தொன்றை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.
முப்பத்தெட்டைக் கழித்தால் மூன்று.
அந்த மூன்று யாருடையது என்று
இன்னும் கேட்கவில்லை யாரும்.